அக்கா எழுதியதும் மூப்பர் வாசித்ததும்

எங்கள் சர்ச் மூப்பரிடம் நான் மரியாதை இல்லாமல் பேசிவிட்டேனாம். சபையில் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். திரியட்டும். அதற்கு முன்னால் நடந்ததை ஒருவரும் சொல்வதில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

என் அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக வேலை. துவைத்து வந்த ஈர விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, சூடான உருளைக்குள் சுருக்கமில்லாமல் விட வேண்டும். அவள் முன்கை முழுக்கச் சூட்டுத் தழும்பு. வலிக்கிறது என்று வாய் திறக்காத ரகம். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். ஊரார் லிஃப்டையெல்லாம் ஓட வைப்பார், வீட்டில் ஒழுகுகிற குழாயை மட்டும் தொடமாட்டார்.

அந்தக் குழாயை வைத்து ஒரு நாள் காலையில் இருவருக்கும் வாய்ச்சண்டை. அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். டீ இடைவேளையில் அத்தான் போன் பண்ணினார். கட் பண்ணினாள். மறுபடி அடித்தது. மறுபடியும் கட் பண்ணி, போனையே அணைத்துவிட்டாள். சமாதானம் பேசத்தான் கூப்பிடுகிறார், கொஞ்சம் தவிக்கட்டும் என்று நினைத்தாளாம். அவர் ஏதோ ஒரு கட்டடத்தின் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காவலாளி பார்த்தபோது உயிர் இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் சொன்னதெல்லாம் ஒன்றுதான். "அழாதீங்க சிஸ்டர். விசுவாசிங்க அழுதா மத்தவங்க என்ன நினைப்பாங்க?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிநேகிதனின் கல்லறைக்கு முன்னால் நின்று இயேசுவே அழவில்லையா? அவருக்கு இல்லாத கௌரவம் இவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

எங்கள் சபை வாசலில் ஜெபக்குறிப்புப் பெட்டி ஒன்று உண்டு. பெயர் போடாமல் எழுதிப் போடலாம். ஆராதனைக்கு முன்னால் மூப்பர் அதைத் திறப்பார். சட்டையிலும் பேச்சிலும் மடிப்புக் கலையாத மனிதர். சுகவீனம், வேலை, கல்யாணம், பரீட்சை, மன ஆறுதல் என்று சீட்டுகளைப் பிரித்து அடுக்கி, ஒவ்வொன்றையும் அரை வரியாக்கி வாசிப்பார். சபை ஆமென் சொல்லும். முப்பது பேர் பாரம் நாலு நிமிஷத்தில் தீர்ந்துவிடும்.

ஒரு ஞாயிறு அக்காவும் சீட்டு எழுதினாள். எட்டிப் பார்த்தேன். "என் புருஷன் சாகிற நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். நான் வேண்டுமென்றே போனை கட் பண்ணினேன். ஆண்டவர் என்னை மன்னிக்க வேண்டும்." அன்றைக்குத்தான் விஷயமே எனக்குத் தெரிந்தது.

மூப்பர் வாசித்தார்: "துக்கத்திலிருக்கும் ஒரு சகோதரிக்கு மன ஆறுதல்." ஆமென்.

அடுத்த ஞாயிறு அதையே பெரிய எழுத்தில் எழுதினாள். அதே மன ஆறுதல்தான். நாலு வாரம் இப்படியே போனது. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

"மன்னிப்புங்கிற வார்த்தையே அவர் வாயில வர மாட்டேங்குதே," என்றாள். "அது எனக்கு இல்லைன்னு ஆண்டவர் சொல்றாரோ என்னவோ."

நேராக மூப்பரிடம் போனேன். "ஏன் ஐயா மாத்தி வாசிக்கிறீங்க?"

"சபையில எல்லாத்தையும் பச்சையா சொல்ல முடியுமா? ஆண்டவருக்குத் தெரியாததா?"

"ஆண்டவருக்குத் தெரியும். எங்க அக்காவுக்குத்தான் தெரியணும்."

சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஐந்தாம் வாரமும் அதே அரை வரி. அக்கா எழுந்து நின்றாள். "ஐயா, நான் எழுதினது அது இல்ல."

"உட்காருங்க சிஸ்டர், அப்புறம் தனியா பேசலாம்."

"நீங்க உட்காருங்க," என்றேன் நான். மரியாதைக் குறைவு என்கிறார்களே, அது இதுதான்.

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். குழாய், இரண்டு தடவை அடித்த போன், தவிக்கட்டும் என்று நினைத்தது, ஒன்றையும் விடவில்லை. ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. எல்லாரும் தங்கள் செருப்பில்லாத காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி வரிசையிலிருந்து, சர்ச் தரையைக் கூட்டிப் பெருக்குகிற அம்மா எழுந்து வந்தார். அக்கா தலையில் கை வைத்தார். "ஆண்டவரே, இவ போனை கட் பண்ணிட்டா. கோபத்துல வேணும்னேதான் பண்ணா. அதை மன்னிச்சிடுங்க. இதுக்கும் சேர்த்துத்தான் நீங்க சிலுவையில செத்தீங்க. ஆமென்."

அவ்வளவுதான் ஜெபம். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அத்தானை அடக்கம் பண்ணிய அன்றுகூட அப்படி அழவில்லை. அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சிட்டாரு," என்றாள். பஸ் வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் நான் மூப்பரைக் கிழித்துத் தோரணம் கட்டினேன். "ஒரு மனுஷி மனசுல இருக்கிறதைச் சொல்ல விடாம அமுக்குறாரே, இவரெல்லாம் ஒரு மூப்பரா?"

அக்கா நின்றாள். "அவரை ஏன்டி திட்டுற? அடக்கம் முடிஞ்ச அன்னைக்கு முதல்ல உன்கிட்டதான் சொல்ல வந்தேன். 'போன் வந்துச்சுடி'ன்னு ஆரம்பிச்சேன். 'அதெல்லாம் இப்ப எதுக்கு, காபியைக் குடி'ன்னு டம்ளரைக் கையில திணிச்சிட்டு எழுந்து போயிட்ட."

நடைபாதை ஓரமாக அவளை உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். "இப்ப சொல்லுக்கா," என்றேன்.

முதலிலிருந்து சொன்னாள். நான் குறுக்கே பேசவில்லை.