நாத்தனார் வாங்கிய பவர்

ஷகுஃப்தாவுக்கு ஓஸ்லோ நீதிமன்றம் விவாகரத்து கொடுத்துவிட்டது. ஆனால் பாகிஸ்தானில், காரியான் ஊர்ப் பதிவேட்டில், அவள் இன்னும் மனைவிதான். அங்கும் வழக்குப் போட, ஊரிலிருக்கும் ஒருவருக்குத் தூதரகத்தில் பவர் எழுதித் தர வேண்டும்.

"ஊர்ல தலைகாட்ட முடியாதும்மா, என்னை விட்டுடு" என்று சொந்த அண்ணனே ஒதுங்கிக்கொண்டார்.

பிறகு ஊரிலிருந்து கணவனின் தங்கை தஹ்மீனா போனில் அழைத்தாள். "என் பேரை எழுதுங்க அண்ணி."

"உன் அண்ணனுக்கு எதிராவா?"

"அவன் உங்களை அடிச்சதை என் கண்ணால பாத்திருக்கேன். ஜட்ஜ்கிட்ட நானே சொல்றேன். அம்மா கொஞ்ச நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பாங்க, அவ்வளவுதானே."

கோடைக்குள் தீர்ப்பும் சான்றிதழும் வந்தன. தஹ்மீனாவிடம் அவள் தாய் இன்றுவரை பேசவில்லை. அதனால் ஷகுஃப்தாவுக்கு அந்த விடுதலை முழுதாக இனிக்கவில்லை.