ரிசீவரில் பட்டன் இல்லை என்று நான் எழுதிய மூன்று கடிதங்கள்

விதி தெளிவானது. வெளியிலிருந்து வரும் எந்தக் கடிதத்துக்கும் பதினைந்து நாட்களுக்குள் பதில் போக வேண்டும். முடியாவிட்டால், கடிதம் கிடைத்தது, கவனத்தில் இருக்கிறது என்று ஓர் இடைக்காலப் பதிலாவது போக வேண்டும். மத்திய அரசின் ஓர் அமைச்சகத்தில் முப்பத்தாறு வருடம் இந்த விதியைப் பிறருக்கு எடுத்துச் சொல்லியே சார்புச் செயலாளராக ஓய்வு பெற்றவன் நான். நானே அதைக் கடைப்பிடித்தேனா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டு எழுதியிருந்தாலும் பதினைந்து நாளில் பதில் போயிருக்காது.

வயர் இல்லாத கேம் கன்ட்ரோலர் ஒன்றைப் பற்றி நான் எழுதிய கடிதத்துக்கு அதன் கம்பெனி எழுபத்தாறு நாள் எடுத்துக்கொண்டது. ரொம்ப நாள் இதை அவர்கள் குற்றமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது என் பங்கையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் செப்டம்பரில், டெல்லி முனிர்காவில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருந்த பால் பூத்தின் ஈரத் தரையில் என் மனைவி வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது மணிக்கட்டு சேர்ந்திருந்தது, ஆனால் கட்டைவிரல் மடங்க மறுத்தது. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் பெண் தெளிவாகச் சொன்னாள்: கட்டைவிரல் நுனி குறுக்கே போய் சுண்டுவிரலின் அடியைத் தொட வேண்டும். குளிர்காலம் முடிவதற்குள் தொட்டால் தொட்டது. இல்லாவிட்டால் விறைப்பு நிலைத்துவிடும்.

பயிற்சிக்கு ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். என் மனைவி அதை இரண்டு நாள் பிசைந்தாள். மூன்றாம் நாள் பால்கனி வழியாகக் கீழே போட்டாள்.

"கை வழுக்கிட்டுது," என்றாள்.

"எந்தக் கை?"

"நல்ல கைதான்."

அமெரிக்காவில் இருந்த எங்கள் மகன் விஷயத்தைக் கேட்டு, ஊருக்கு வந்த நண்பன் ஒருவனிடம் அந்தக் கன்ட்ரோலரைக் கொடுத்தனுப்பினான். கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஓட்ட உதவுவது. இரண்டு கையாலும் பிடிக்க இரண்டு கொம்பு, கட்டைவிரலுக்குப் பட்டன்கள். பார்த்ததும் என் மனைவி அதற்கு நண்டு என்று பெயர் வைத்தாள். வயர் கிடையாது என்பதால் அவள் திவானில் சாய்ந்து, கைக்கடியில் தலையணை வைத்துக்கொண்டே ஓட்டலாம். கூடவே தீப்பெட்டி அளவில் ஒரு ரிசீவர். அதன் வால் மட்டும் கம்ப்யூட்டரின் முதுகில் செருகப்பட்டிருக்கும்.

வாழ்நாளில் சைக்கிள்கூட ஓட்டாதவள் திரையில் மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் போனாள். வேகம் எடுக்கும் பட்டன் வலது கட்டைவிரலில் இருந்தது. பிரேக் இருப்பதை அவள் கண்டுகொள்ளவே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் சுவரில் மோதி, "எவன்டா இங்கன சுவரைக் கட்டுனவன்?" என்று திட்டிக்கொண்டே மறுபடி கிளம்பினாள். பத்தாவது நாள் கட்டைவிரல் நடுவிரலின் அடிவரை வந்துவிட்டது. பிசியோதெரபிஸ்ட் கைதட்டினாள்.

அப்போதுதான் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. பொருள் வந்து பத்து நாளாகிறது, இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்படவில்லை.

எங்கள் வீட்டில் இருப்புப் பதிவேடு உண்டு. ஓய்வு பெற்ற முதல் வாரமே தொடங்கியது. அமைச்சகத்தில் நாற்காலி முதல் மேஜை விசிறி வரை ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்டில் எண் இருக்கும். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் கூலர், மிக்சி, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றுக்கும் எண் போட்டிருந்தேன். திருடன் வந்தால் என்ன போயிற்று என்று சொல்ல வேண்டாமா? திருடன் வரவில்லை. வந்திருந்தால் கையெழுத்து வாங்கியிருப்பேன்.

நவம்பர் முப்பதாம் தேதி காலை, அவள் குளிக்கப் போன நேரத்தில், கன்ட்ரோலரின் பேட்டரிகளைக் கழற்றித் தனியே குறித்தேன். ஏனென்றால் அவை தீர்ந்துபோகும் பொருள், வேறு பக்கத்தில் ஏறும். ரிசீவர் இருண்ட நிறம், பேனா பிடிக்காது. ஆகவே ஒரு தாள் பட்டையில் எண்ணை எழுதி, அதைப் பெட்டியைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றி, மேலே ஒட்டு டேப்பும் போட்டேன். ஒட்டும்போது விரலுக்கடியில் ஒரு சின்ன மேடு தட்டியது. காற்றுக் குமிழ் என்று நினைத்து நன்றாக அழுத்தித் தேய்த்தேன்.

வாசிப்பவர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்க நாற்பது நாள் ஆனது.

அன்று மதியம் அவள் நண்டைக் கையில் எடுத்தாள். திரையில் கார் அசையவில்லை. ரிசீவரின் முனையில் சிவப்பு விளக்கு ஓயாமல் மினுக்கியது.

நான் முறைப்படி இறங்கினேன். முதலில் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். பிறகு பேட்டரியை மாற்றினேன். ரிசீவரை முதுகுப்பக்கத்திலிருந்து கழற்றி முன்பக்கம் செருகினேன். கன்ட்ரோல் பேனலுக்குள் போய் கேம் கன்ட்ரோலர் பட்டியலைத் திறந்தால், அதில் பெயர் இருந்தது, நிலை 'ஓகே' என்றுகூட இருந்தது. எதுவும் நடக்காமலே எல்லாம் சரி என்று அறிக்கை கொடுக்கும் வழக்கம் எனக்குப் புதிதல்ல. ஆனாலும் நம்பாமல் டிரைவரை அழித்துவிட்டு, கூட வந்த சி.டி.யிலிருந்து மறுபடி ஏற்றினேன். பக்கத்தில் இருந்த வயர் இல்லாத போனைக்கூடச் சமையலறைக்கு மாற்றினேன். ஒவ்வொரு நடவடிக்கையையும் கோப்பில் பத்தி எண் போட்டு எழுதினேன். ஆம், கோப்பு திறந்தாகிவிட்டது.

கையேட்டில் நான்காவது படி இப்படிச் சொன்னது: பேட்டரியைக் கழற்றி மாட்டினால் தொடர்பு அறுந்துபோகலாம், அப்போது ரிசீவரில் இருக்கும் பட்டனை அழுத்தவும், பிறகு கன்ட்ரோலரில் இருக்கும் பட்டனை அழுத்தவும்.

ரிசீவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பட்டன் இல்லை. என் கையெழுத்தில் அழகாக ஓர் எண் மட்டும் இருந்தது.

முடிவு தெளிவு: வேறு மாடலின் கையேட்டைத் தவறாக வைத்து அனுப்பியிருக்கிறார்கள். டிசம்பர் இரண்டாம் தேதி மும்பையில் இருந்த அவர்களுடைய சேவைப் பிரிவுக்கு முதல் கடிதம் போனது. பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறைப்படி.

"ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன?" என்றாள் என் மனைவி.

"போனில் பேசினால் ஆதாரம் இருக்காது."

"எனக்கு எதுக்குங்க ஆதாரம்? கார் ஓடணும்."

"அதற்காகத்தானே எழுதியிருக்கிறேன்."

"நீங்க எழுதுத வேகத்துக்கு நான் நடந்தே போயிருவேன்."

ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிட்டான். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். அவன் தமிழ் பாதியில் இந்திக்கு இறங்கிவிடும்.

"அப்பா, ரிசீவர் மேல சோட்டா சா பட்டன் இருக்கும். அதை அமுக்குங்க, பஸ்." சின்னதாக ஒரு பட்டனாம், அமுக்கினால் போதுமாம்.

"இல்லை."

"இருக்கும்ப்பா. என் ஃபிரண்ட் வீட்ல சேம் பீஸ் பாத்தேன்."

"நான் நேரில் ஆய்வு செய்துவிட்டேன். இல்லை."

இருப்பதை இல்லை என்று சொல்வதற்கு முப்பத்தாறு வருடம் பயிற்சி பெற்றவனோடு வாதாட முடியாது என்று அவனுக்குத் தெரியும். "அச்சா, அம்மாகிட்ட குடுங்க," என்றான். அவள் போனை இடது கையில் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

டிசம்பர் பதினேழில் பதினைந்து நாள் கெடு முடிந்தது. முதல் நினைவூட்டல். பத்து நாள் கழித்து இரண்டாம் நினைவூட்டல், 'மிக அவசரம்' என்று சிவப்பு மையில். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த நேரு பிளேஸிலிருந்து யாராவது மெக்கானிக்கைக் கூட்டிவரலாமே என்று மனைவி கேட்டாள். மூன்று பேரிடம் மதிப்பீடு வாங்காமல் யாரிடமும் வேலை கொடுக்க முடியாது என்று சொன்னேன். மூன்று கடைக்கும் போனேன். இரண்டு பேர் சிரித்தார்கள், மூன்றாமவர் டீ வாங்கிக் கொடுத்தார். எழுத்தில் யாரும் எதுவும் தரவில்லை. கோப்பில் 'மதிப்பீடு வரப்பெறவில்லை' என்று எழுதினேன்.

இதற்கிடையில் புதிய ரப்பர் பந்து ஒன்று வந்தது. அதுவும் அலமாரியின் மேலே போய் உட்கார்ந்தது. குளிரில் அவள் கையை சால்வைக்குள்ளேயே வைத்திருந்தாள். காலையில் சேலை முந்தானைக்கு ஊக்கு குத்த என்னைக் கூப்பிடுவாள். நான் குத்துவேன். அதை உதவி என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி ஒன்பதாம் தேதி பிசியோதெரபிஸ்ட் வந்தாள். குளிர் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு ஒரு மாதம் கழித்து வருகிறாள். கையைப் பிடித்துக் கட்டைவிரலை மெல்ல வளைத்தாள். நடுவிரல் வரை வந்திருந்தது இப்போது ஆள்காட்டி விரலைத் தாண்டவில்லை.

"ஆன்ட்டிஜி, யே தோ பீச்சே சலா கயா," என்றாள். பின்னால் போய்விட்டதாம். பிறகு என் பக்கம் திரும்பி, மிஷின் கெட்டுப்போயிருந்தால் ஏன் சரி செய்யவில்லை என்று கேட்டாள்.

"மாமலா விசாராதீன் ஹை," என்றேன். விவகாரம் பரிசீலனையில் இருக்கிறது என்பதற்கு அரசாங்க இந்தியில் அதுதான் வழக்கு. இருபது வருடமாக நாடாளுமன்றக் கேள்விகளுக்கே போதுமானதாக இருந்த வாக்கியம்.

அவளுக்குப் போதவில்லை. "அங்கிள், கோப்பு காத்திருக்கும். விரல் காத்திருக்காது. இன்னும் ஒரு மாதம்தான்," என்று இந்தியில் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.  வழக்கமாக என்னைக் குத்த ஒரு வார்த்தை வைத்திருக்கும் என் மனைவி கையை மறுபடி சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் செய்யத் தெரிந்ததைச் செய்தேன். கம்பெனியின் தலைமை அதிகாரிக்கே எழுதுவதென்று முடிவு செய்தேன். அந்த மட்டத்துக்கு எழுதும்போது சாதனத்தின் வரிசை எண்ணைக் குறிப்பிடாமல் எழுதுவது அழகல்ல. ரிசீவரை எடுத்துப் பார்த்தேன். வரிசை எண்ணும் இல்லை.

"இதில் வரிசை எண்கூடப் போடவில்லை. என்ன கம்பெனி இது!"

அவள் திவானில் இருந்தபடியே கையை நீட்டினாள். இடது கை. "இங்கன குடுங்க." வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது என்ன, மாவுக்கட்டா?"

"அது இருப்புப் பதிவேட்டு எண்."

"இதுக்குக் கீழ என்ன இருக்கு?"

"என்ன இருக்கும்? பெட்டி."

"நீங்க கேக்குத நம்பரு கீழ இருக்கும்லா. கிழிக்கட்டுமா?"

"எண்ணை நீக்க வேண்டுமானால் முதலில் பொருளைப் பதிவேட்டிலிருந்து..."

"நான் கிழிக்கேன். நீங்க எனக்கு மெமோ குடுங்க."

இடது கை நகத்தால் டேப்பின் முனையைக் கிளப்பி, பல்லால் கடித்து இழுத்தாள். தாள் சுருளாக வந்தது. கீழ்ப்பக்கம் வரிசை எண். மேல்பக்கம், அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு பட்டன்.

இருவரும் அதைப் பார்த்தோம். 

"நேருல ஆய்வு செஞ்சீயளோ?" என்றாள்.

 அவள் கேள்விக்கும் பதினைந்து நாள் கெடு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ரிசீவரில் ஓர் அழுத்து, நண்டில் ஓர் அழுத்து. மினுக்கிக்கொண்டிருந்த சிவப்பு நின்று பச்சையானது. கார் உறுமியது. கட்டைவிரல் பட்டனில் அழுந்தியபோது அவள் முகம் வலியில் சுருங்கியதைப் பார்த்தேன். பத்து நாளில் போன தூரத்தை நாற்பது நாளில் நான் திருப்பிக் கொண்டுவந்திருந்தேன். அவள் விரலை எடுக்கவில்லை. முதல் வளைவில் சுவரில் மோதினாள். திட்டினாள். எனக்கு மூச்சு வந்தது.

நியாயப்படி மறுநாளே கம்பெனிக்கு எழுதி புகாரைத் திரும்பப் பெற்றிருக்க வேண்டும். 'பட்டன் கண்டெடுக்கப்பட்டது' என்று ஒரு வரைவும் எழுதினேன். எங்கே கண்டெடுக்கப்பட்டது என்ற கேள்வி வருமே என்று கிழித்தேன். கோப்பு திறந்தே கிடந்தது. அவள் காலையும் மாலையும் ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேவைப்பட்டால் பேட்டரி மாற்றினேன். எண் எதுவும் ஒட்டவில்லை. ஜனவரி கடைசியில் விரல் மோதிர விரலைத் தொட்டது. அங்கேயே நின்றது. பிசியோதெரபிஸ்ட் உதட்டைப் பிதுக்கினாள். சுண்டுவிரல் வருமா என்று நான் கேட்டதற்கு, "பார்க்கலாம்," என்றாள். பரிசீலனையில் இருக்கிறது என்பதை மருத்துவத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள் போலிருக்கிறது.

சுண்டுவிரல் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. மோதிர விரலோடு நின்றுவிட்டது. அந்த ஒரு விரல் தூரம் யார் கணக்கு என்று அவள் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. மற்ற எல்லாவற்றையும் சொல்லிக் காட்டுவாள்.

பிப்ரவரியில் ஒரு காலை நான் காய்கறி வாங்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்தபோது மேஜைமேல் கூரியரில் வந்த உறை இருந்தது. கம்பெனியின் கடிதம். என் மூன்று கடிதங்களும் கிடைத்தனவாம், தாமதத்துக்கு வருந்துகிறார்களாம், சாதனத்தை அனுப்பினால் பரிசோதிப்பார்களாம். நான் எழுதியிருந்தாலும் இதைவிட ஒரு சொல் கூட்டியிருக்க மாட்டேன்.

உறையில் கூரியர்காரர் விட்டுப்போன சீட்டின் கார்பன் நகல் ஒட்டிக்கொண்டிருந்தது. பெற்றுக்கொண்டவர் என்ற கட்டத்தில் தமிழில் என் மனைவியின் கையெழுத்து. கட்டத்தை மீறி, எழுத்துகள் மேலும் கீழுமாக ஓடியிருந்தன.

"எந்தக் கையால் போட்டாய்?" என்று கேட்டேன்.

"எந்தக் கையால போடுவாவ?" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தக் கூரியர் பையன் ஜல்தி ஜல்தின்னு அவசரப்படுத்திக்கிட்டு நின்னான். தேதியும் போடணும்னான். போட்டேன்."

சீட்டைக் கோப்பில் வைத்தேன். கையெழுத்துக்குக் கீழே, ஐந்து மாதம் பேனா பிடிக்காத விரல்களால், கோணலாக ஆனால் ஓர் எண்கூட விடாமல் எழுதியிருந்தாள்: 16.2.2006.