பெட்டரி வயரைக் கழற்றியவன்

யேசுரத்தினம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தவன். ஒன்பது வருடம் கொழுந்து லொறியில் கிளீனராகத் தொங்கி, ஒருவழியாக அப்புத்தளைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் மேனேஜர் துரையின் டிரைவரானான். அந்த வேலையோடு ஒரு குவாட்டர்ஸ் கிடைத்தது. தனி வாசல், தனிக் குழாய். மனைவி நேசராணி கொழுந்து எடுப்பதை விட்டுவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். வேலை போனால் வீடும் போகும் என்று இருவருக்கும் தெரியும். அந்தப் பயம்தான் அவனைக் கெடுத்தது.

2004இல் துரை ஒரு ரீகண்டிஷன் ஜீப் எடுத்தார். பெட்ரோல் வண்டி, உள்ளே கம்பியூட்டர். மூடுபனியாக இருந்த ஒரு காலை, ஏற்றத்தில் என்ஜின் மிஸ் அடித்து வண்டி குலுங்கியது. ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மினுங்கியது. பின்னால் இருந்தவர் தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் தர்மராசா. யாழ்ப்பாணத்து மனிதர், சந்தேகம் அவருக்கு மூச்சு மாதிரி. முன்பிருந்த டிரைவர் பெட்ரோலைத் திருடி, மண்ணெண்ணெய் கலந்து பிடிபட்டவன். அதை அவர் மறக்கவில்லை.

"டாங்கியிலை என்ன கலந்தனீர்?" என்று கேட்டார். நாளைக்குப் பதுளையில் வண்டியின் கம்பியூட்டருக்கு மெஷின் போட்டுப் பார்த்தால் தெரியும் என்றார்.

யேசுரத்தினம் எதையும் கலக்கவில்லை. ஆனால் அந்த விளக்கில் அவனால் வாசிக்க முடிந்தது 'செக்' என்ற ஒரு சொல்லைத்தான். தோட்டத்தில் ஆட்களின் பேரைப் பதியும் புத்தகத்துக்குச் செக்ரோல் என்று பெயர். அதில் பேருக்கு நேரே ஒரு கோடு விழுந்தால் ஏனென்று எவரும் கேட்பதில்லை, ஆள் வெளியேதான். வண்டியும் தன் பேரில் கோடு போட்டுவிட்டது என்றே நினைத்தான். பெட்டரி வயரைக் கழற்றினால் விளக்கு அணையும் என்று பஸ் டிரைவர்கள் பேசக் கேட்டிருந்தான். அன்று பின்னேரம் கழற்றி, மறுபடி பூட்டினான். விளக்கு அணைந்தது. நேசராணியிடம் பிரச்சினை தீர்ந்தது என்றான், பாவி.

மறுநாள் பதுளையில் நல்ல வெயில். என்ஜின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. கராஜ்காரர் மஹ்ரூப் மெஷினைச் சொருகிப் பார்த்தார். கோளாறு எதுவும் பதிவில் இல்லை. ஆனால் வண்டி தன்னைத்தானே பார்க்கும் சோதனைகள் ஒன்றுகூட முடிந்திருக்கவில்லை.

"பெட்டரிய கழட்டினது யாரு?" என்றார்.

யேசுரத்தினம் ஒப்புக்கொண்டான். மஹ்ரூப் நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். நான்கு சிலிண்டரும் முறை வைத்து என்ஜின் தண்டைச் சுழற்றுகின்றன. ஒன்று வெடிக்கத் தவறினால் சுழற்சி ஒரு கணம் தளரும். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் வராத ஆளைக் கங்காணி பிடிப்பதுபோல, எந்தச் சிலிண்டர் தவறியது என்று சென்சரை வைத்துக் கம்பியூட்டர் பிடித்துவிடும். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போனால், புகையைச் சுத்தம் செய்யும் பாகம் பொசுங்கிவிடும். அதனால்தான் விளக்கு மினுங்குகிறது.

"மண்ணெண்ணெய் கலந்தா பொதுவா நாலும் தடுமாறும். ஒண்டு மட்டும் தவறியிருந்தா ஒங்க மேல பிழையில்ல. அத கம்பியூட்டர் எழுதித்தான் வச்சிருந்திச்சு. வயரக் கழட்டி நீங்களே அழிச்சிட்டீங்க."

டாங்கியிலிருந்து கொஞ்சம் எடுத்து மோந்து பார்த்து, சுத்தமான பெட்ரோல்தான் என்றும் சொன்னார்.

"மெஷினையே துடைச்சவருக்கு டாங்கியைத் துடைக்கத் தெரியாதோ?" என்றார் கூட வந்திருந்த தர்மராசா.

அந்தக் கிழமையே வேலை போயிற்று. தையல் மெஷினைத் தலையில் சுமந்துகொண்டு நேசராணி பழைய லயத்துக்கு நடந்தாள். அவள் மறுபடி கொழுந்துக்குப் போனாள். அவனுக்குப் புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை கிடைத்தது.

மார்கழி மழையில் அதே ஏற்றத்தில் ஜீப் மறுபடி மிஸ் அடித்தது. புது டிரைவர் றொனி எதையும் தொடாமல் பதுளைக்குக் கொண்டுபோனான். மூன்றாம் சிலிண்டருக்குத் தீப்பொறி தரும் கொயிலில் விரிசல். ஈரம் பட்டால் மட்டும் தவறும். புதுக் கொயில் போட்டார்கள், தீர்ந்தது. யேசுரத்தினம் மருந்தடிக்கும் தேயிலை மலைக்கு வந்து றொனி இதைச் சொன்னான்.

"நான் களவெடுக்கலேன்னு இப்பவாச்சும் சொன்னாங்களா?" என்று யேசுரத்தினம் கேட்டான்.

றொனி தயங்கினான். "தொர அதத்தான் கேட்டாருண்ணே. குத்தமில்லாதவன் ஏன் கழட்டினான்னு கிளாக்கர் ஐயா திருப்பிக் கேட்டாரு. தொர அதுக்கு மேல பேசல."

பயத்தில் கழற்றினேன் என்று சொல்ல யேசுரத்தினம் வாயெடுத்தான். றொனியிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? மருந்துப் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு அடுத்த நிரைக்குப் போனான்.