மட்டை அரைக்கும் மெஷின் வாங்கப் போனோம்

அம்மாவுக்கு இழுப்பு உண்டு. எங்கள் வீட்டுக்கு மெஷின் வந்த காரணம் அதுதான், வேறு ஆடம்பரம் எதுவும் இல்லை. வைட்ஃபீல்டைத் தாண்டி நாங்கள் வாங்கிய வீட்டின் பின்னால் ஒன்பது தென்னை, இரண்டு சில்வர் ஓக், மதில் முழுக்கக் காகிதப்பூ. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மட்டை விழாத நாள் கிடையாது. குப்பை வண்டிக்காரர் அதைத் தொடமாட்டார். சேர்த்து வைத்தால் உள்ளே சாரைப்பாம்பு குடித்தனம் நடத்தும். கொளுத்தினால் அம்மாவுக்கு மூச்சு முட்டும்.

அப்பா போனபிறகு அம்மாவை ஜோகுபாளையத்திலிருந்து கூட்டிவந்தேன். வந்தாளே தவிர, அங்கிருந்த வாடகை வீட்டை விடவில்லை. "எதுக்கும் இருக்கட்டும்" என்று பூட்டிப் போட்டிருந்தாள். அந்த 'எதுக்கும்' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். இரண்டு வருஷமாகியும் மகள் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் வராது? அந்த மழைக்காலம் முடிந்ததும், தோட்டக்காரர் எங்களைக் கேட்காமல் ஒரு குவியலைக் கொளுத்திவிட்டார். மூன்று நாள் அம்மா உட்கார்ந்தபடியே தூங்கினாள். நான்காம் நாள் காலை காபி தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"உன் தோட்டம் உனக்கு. வர்ற வாரம் முடியட்டும், ஞாயித்துக்கிழமை நான் என் வீட்டுக்குக் கிளம்புறேன்."

என் வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். "கிளையை அரைச்சுத் தூளாக்குற மெஷின் இருக்கு அத்தை. நெருப்பே வேண்டாம்."

அவர் சேலத்துக்காரர். ஐ.டி.யில் டெஸ்டிங் பார்க்கிறார். ஊரார் எழுதும் சாஃப்ட்வேரில் ஓட்டை கண்டுபிடிப்பது அவர் பிழைப்பு. அன்றே எக்செல் ஷீட் போட்டார். குதிரைத்திறன், எடை, பிளேடு எத்தனை, சக்கரம் உண்டா என்று முப்பது கட்டங்கள். டேப்பை எடுத்துப்போய் விழுந்து கிடந்த சில்வர் ஓக் கிளைகளிலேயே தடித்ததை அளந்தார். ஐந்து அங்குலம். "ஆறு அங்குலம் தின்னுற மெஷின் எடுத்தா எல்லாத்தையும் தின்னுடும்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

வாங்குமுன் பார்த்துவிடலாம் என்று, அம்மா சொன்ன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறே அதே மாதிரி மெஷின் ஒன்றை வாடகைக்கு வரவழைத்தார். வாசலில் அது நின்ற தோரணையைப் பார்க்க வேண்டுமே. சில்வர் ஓக் கிளையை ஒரே மூச்சில் விழுங்கிச் சில்லு சில்லாகத் துப்பியது. நான் கை தட்டினேன். அடுத்து ஒரு தென்னை மட்டையைக் கொடுத்தார். கர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நார் முழுக்க உள்ளே உருளையில் சுற்றிக்கொண்டது. மெஷினை அணைத்துவிட்டு, மதியம் வரை இரண்டு பேரும் கத்தியும் கையுமாக உட்கார்ந்து சிக்கெடுத்தோம்.

"உங்க ஷீட்டுல தென்னை மட்டைக்கு எந்தக் கட்டம்?" என்று கேட்டேன். ஒன்பது தென்னைக்கு நடுவில் நின்றுகொண்டு விழுந்த ஒரு கிளையை அளந்த மனுஷனை என்ன செய்ய? அவரைச் சொல்லி என்ன, கை தட்டியது நான்தானே. திண்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "பாவம் மாப்பிள்ளை, விடுடி" என்று உள்ளே போய்த் துணிகளை மடிக்கத் தொடங்கினாள்.

அன்று ராத்திரி எனக்குக் கோபத்தில்தான் புத்தி வந்தது. பிளவுஸ் பிட் எடுக்கப் போனால் புடவையைக் கையோடு கொண்டுபோகாமல் போவோமா? நிறத்தை வாயால் சொல்லி எவளாவது பிட் வாங்கியிருக்கிறாளா? புதன்கிழமை ஒரு லக்கேஜ் ஆட்டோவைப் பிடித்தேன். பச்சை மட்டை, காய்ந்த மட்டை, பாளை, முள்ளோடு காகிதப்பூக் கொடி எல்லாவற்றையும் ஏற்றினேன். லீவு போட்டு வந்த என் வீட்டுக்காரர் ஆட்டோவின் பின்னால் மட்டையோடு மட்டையாக உட்கார்ந்து வந்தார்.

மெஷின் கடைக்காரர் வெளியே ஓடிவந்தார். "என்னம்மா இது? குப்பையை நம்ம கடையில கொட்ட வந்தீங்களா?"

"புடவை கொண்டுவந்திருக்கேன் அண்ணா. மேட்சிங் பாருங்க" என்றேன். கடையே சிரித்தது. அதன்பிறகு அந்த மனுஷர் எங்களுக்காக உழைத்தார், சும்மா சொல்லக்கூடாது.

முதல் மெஷின் எங்கள் வீட்டில் திணறியதைப் போலவே திணறியது. இரண்டாவது பெட்ரோலில் ஓடுவது. மட்டையை நன்றாகவே அரைத்தது. வாங்கிவிடலாம் என்று வாயெடுத்தேன், அதன் புகை என் முகத்தில் அடித்தது. புகைக்குப் பயந்து வந்துவிட்டுப் புகையையே வாங்கிப்போகப் பார்த்தேனே என்று பின்னால் நகர்ந்துவிட்டேன். மூன்றாவது கரண்டில் ஓடும் சின்ன மெஷின். உள்ளே பிளேடோடு சுத்தியல் மாதிரி இரும்புத் துண்டுகள் தொங்கும். நாரைச் சுற்றவிடாமல் அடித்து நொறுக்கிவிடும். பச்சை மட்டை, பாளை, கொடி எல்லாம் தூள்.

"ஆனா தடிச்ச கட்டை போகாதும்மா, மூணு அங்குலம்தான்" என்றார் கடைக்காரர் நேர்மையாக.

தடித்த கட்டை யாருக்கு வேண்டும்? அதை விறகுக்கென்று டீக்கடைக்காரரே வந்து தூக்கிப்போவார். எங்களுக்கு ஒருநாளும் தொந்தரவு கொடுக்காத பொருளுக்காகத்தான் இத்தனை நாள் மெஷின் தேடியிருக்கிறோம். என் வீட்டுக்காரரே அதைச் சொல்லிச் சிரித்தார்.

சனிக்கிழமை காலை மெஷின் வந்தது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைக் கதவருகே நின்றாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு மட்டையாகப் போட்டோம். குவியல் கரையக் கரைய எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பாட்டே வந்தது. திரும்பிப் பார்த்தால் அம்மா முந்தானையை இறக்கிவிட்டிருந்தாள். புகை இல்லை. ஈரத் தேங்காய் நார் வாசனை மட்டும்தான். வாயை மூடிக்கொண்டு மூக்கால் இழுத்து இழுத்துப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து யாருக்கோ போட்டாள். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினாள்.

"ஓனரே, மனே காலி மாட்தீனி. பேரேயவரிகே கொட்பிடி."

என் கை அப்படியே நின்றுவிட்டது. என் வீட்டுக்காரருக்கு இன்னும் கன்னடம் ஓடாது. மெஷினை அணைத்துவிட்டு, "அத்தை என்ன சொல்றாங்க? ஏன் அழறே?" என்றார்.

"ஜோகுபாளையம் வீட்டை வேற யாருக்காவது குடுத்துடச் சொல்றாங்க" என்றேன்.