எல்லோரும் ஆதரித்தோம், யாரும் சாப்பிடவில்லை

புரட்டாசி பிறந்துவிட்டது என்பதை மலேசியாவின் ஈப்போவில் எனக்கு ஆண்டுதோறும் அறிவிப்பவர் ஆ செங். எங்கள் தெருமுனையில் காப்பிக்கடை வைத்திருக்கும் சீனர். வழக்கம்போல முட்டை போட்ட மீ கோரெங் நூடுல்ஸுக்கு நான் கையைத் தூக்கினால், அவர் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தி, "அங்கள், புலான் இனி சாயூர் சாஜா, கான்?" என்பார். இந்த மாதம் காய்கறி மட்டும்தானே என்று அர்த்தம். என் பெருமாளுக்குரிய மாதத்தை ஒரு பௌத்தர் மலாயில் நினைவூட்டுகிறார். நான் தலைகுனிந்து வெறும் காப்பியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இந்நாட்டுச் சித்தியவானில் பிறந்து வளர்ந்த என் மனைவி கலா, மீன்சட்டியைத் துணியில் கட்டி அலமாரி மேல் ஏற்றியிருப்பாள். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் புரட்டாசி என்றால் மீன்காரம்மாவுக்கு ஒரே ஒரு சனிக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் சீலாவும் நெத்திலியும் தடையின்றி வந்துபோகும். பெருமாளோடு எங்களுக்கு அப்படியொரு சுமுகமான ஏற்பாடு. இங்கேயோ மாதம் முழுக்க, குடும்பம் முழுக்க, ஊர் முழுக்கச் சைவம். ஊரைவிட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஊரைவிடக் கறார்.

இந்தப் புரட்டாசியைத்தான், மீன் சமைக்கும் ஒரு பெண்ணைக் கைதூக்கிவிடுவதற்கு உகந்த மாதமாக எங்கள் வட்டாரச் சங்கம் தேர்ந்தெடுத்தது. அந்தச் சங்கத்தின் செயலாளர் நான். தமிழில் பிழையில்லாமல் எழுதுவேன் என்ற குற்றத்துக்காக அந்தப் பதவி எனக்குக் கொடுக்கப்பட்டது.

அந்தப் பெண்ணின் பெயர் ஃபுன்மி. நைஜீரியாக்காரர். அவரை நான் முதலில் பார்த்தது குடிநுழைவுத் துறை அலுவலகத்தில், உள்ளூர்க்காரரைக் கட்டிக்கொண்ட வெளிநாட்டினர் விசா புதுப்பிக்க நிற்கும் வரிசையில். "லைன் நவரவே மாட்டேங்குதுலா அண்ணே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. திரும்பினேன். ஓர் ஆப்பிரிக்கப் பெண் நின்றிருந்தார். பேசிய தமிழச்சி எங்கே என்று அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். பிறகு, படித்தவன் செய்யக்கூடியதைச் செய்தேன். ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அவர் தமிழில் கேட்டார். நான் மறுபடி ஆங்கிலத்தில் சொன்னேன். கடைசியில் அவருக்கே என்மேல் இரக்கம் வந்து, "பரவால்லண்ணே, தமிழ் வரலன்னா மெதுவா கத்துக்கலாம். நானே கல்யாணத்துக்கு அப்புறந்தான் கத்துக்கிட்டேன்" என்றார்.

கோலாலம்பூருக்குப் படிக்க வந்தவர், சிலிம் ரிவர் தோட்டத்துப் பையன் மணியத்தைக் கட்டிக்கொண்டார். தமிழை மாமியாரிடம் திட்டு வாங்கியே கற்றதால் அதில் தோட்டத்து வாசனை தூக்கலாக இருக்கும். நான் பேசினால் "ஊர்க்காரரா? டிவியில பேசுற மாரி இருக்கு" என்பார்கள். அவர் பேசினால், கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர்கள் சொந்தக்காரர் என்பார்கள். கண்ணைத் திறப்பதுதான் சிக்கல். மணியத்துக்கு ஈப்போவில் வேலை கிடைத்ததும் இருவரும் இங்கே வந்தார்கள். வந்த இடத்தில் ஃபுன்மி வீட்டுச் சமையலறையிலேயே சாப்பாடு சமைத்து விற்கத் தொடங்கினார். ரப்பர் தோட்டம் செம்பனை எண்ணெய்த் தோட்டமாக மாறியபோது வீடிழந்து நகரத்து அடுக்குமாடிகளுக்கு வந்த மூன்று பெண்கள் அவரிடம் வேலை செய்கிறார்கள். மூத்தவர் பார்வதி அக்கா, பால்மரம் வெட்டிய கை. லாபத்தில் ஒரு பங்கை ஒதுக்கி இன்னும் சில பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுப்பது என்பது ஃபுன்மியின் திட்டம். அதற்கு முதலில் விற்பதற்கு ஓர் இடம் வேண்டும். தொலைபேசியில் கடைக்காரர்கள் தேனாகப் பேசினார்கள். "நம்ம பிள்ளையா? வாங்கம்மா, வந்து பாருங்க." நேரில் போய் நின்றால் அந்தக் கடைக்கு நேற்றுதான் வேறு ஆள் வந்திருப்பார். இப்படி நேற்றே ஆள் வந்துவிட்ட கடைகள் ஈப்போவில் இன்னும் பூட்டியே கிடக்கின்றன. பூட்டிக்கிடக்கும் ஒரு கடையின் சொந்தக்காரர் எங்கள் சங்கத்தின் மதிப்பிற்குரிய உறுப்பினர். பின்னால் நாங்கள் எடுத்த ஆதரவு விழாவுக்குப் பொன்னாடை அவர் உபயம்.

வீட்டைப் வாடகைக்கு விட்டவர் வேறு, குடியிருக்கும் வீட்டில் வியாபாரம் கூடாது என்று சொல்லிவிட்டார். தீபாவளிக்குள் இடம் கிடைக்காவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு மூன்று பெண்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். நான் பாடம் நடத்தும் தனியார் கல்லூரியில் உணவகக் கடையொன்று காலியாக இருந்தது. அதைத் தீர்மானிக்கும் நிர்வாகி தேவகி அம்மாளிடம் பேசினேன். நேரில் வந்து ருசிபார்த்து முடிவு சொல்கிறேன் என்றார். இதைச் சங்கத்தில் சொன்னதுதான் தாமதம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான எங்கள் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கறுப்பினப் பெண் தொழில்முனைவோரை ஆதரிப்பது உலகமெங்கும் நடக்கும் நற்காரியம் என்று அவர் எங்கோ படித்திருந்தார். ஈப்போ பின்தங்கிவிடக் கூடாது, தேவகி அம்மாளையும் அழைத்து ஃபுன்மிக்கு ஓர் ஆதரவு விழா எடுப்போம் என்றார். சொன்ன தலைவரும் கறுப்புதான், கேட்டுக்கொண்டிருந்த நானும் கறுப்புதான். ஆனால் அந்தச் சொல்லுக்கு அன்றைக்கு வேறு யாரோ உரியவர்போல அறை முழுக்கத் தலையாட்டியது.

கூட்டத்துக்கு ஃபுன்மியையும் அழைத்திருந்தோம். விழாத் தேதியைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"சார், அது புரட்டாசிலா. யாரு மீன் சாப்பிடுவா?"

"சிஸ்டர், சிறப்பு விருந்தினருக்கு அந்த ஞாயித்துக்கெழமதான் ஃப்ரீ. நம்ம மக்கள் ஆதரவு குடுப்பாங்க, கவலப்படாதீங்க" என்றார் தலைவர்.

"அப்போ நான் சைவம் போடுறேன். எங்க ஊர்ல தட்டப்பயற அரச்சு எண்ணெயில போடுவோம், அகாரான்னு பேரு. மீன் கெடையாது, முட்ட கெடையாது."

"எப்படி இருக்கும்?"

"வட மாரி இருக்கும் சார்."

தலைவர் யோசித்தார். "வட மாரி இருந்தா ஆப்பிரிக்கான்னு யாரும்மா நம்புவா? படத்துல எடுபடாது. அச்சு அசலா உங்க கலாச்சாரமா இருக்கணும்."

"அப்ப சாம்பார் சோறு? எங்க மாமியாரே நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்க."

அறை சிரித்தது. அவர் வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்துவிட்டார்கள். தக்காளியும் மிளகாயும் சேர்த்து மீன் கொதித்த நீரில் வேகும் சிவப்புச் சோறு, கூடவே பொரித்த மீன் என்று தீர்மானம் நிறைவேறியது. நான் அதைப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டேன். அழைப்பிதழில் 'கறுப்பினப் பெண் தொழில்முனைவோர்' என்று பெரிய எழுத்தில் போட்டதைப் பார்த்த ஃபுன்மி, "அண்ணே, நான் கறுப்புன்னு பாக்குறவங்களுக்கே தெரியும். எத்தன மணிக்குச் சோறு கெடைக்கும்னு போடுங்க" என்றார். போட இடமில்லை. ஆதரவு தெரிவிப்பவர்களின் பெயர்கள் பின்னட்டை வரை போயிருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை சமூக மண்டபம் நிரம்பி வழிந்தது. இதை மறுக்க முடியாது. மண்டபத்தின் பின்பக்கத்தில் ஃபுன்மியும் மூன்று பெண்களும் பெரிய பாத்திரங்களோடு நின்றார்கள். மூடியைத் திறந்ததும் வந்த மணத்தில் என் தூத்துக்குடி உடம்பு தன்னிச்சையாக அந்தப் பக்கம் நகர்ந்தது. "உப்பு சரியா இருக்காக்கா?" என்று கேட்டேன். "எனக்கு எப்படித் தெரியும்? புரட்டாசிலா! மூக்காலதான் பாத்தேன். பாப்பாதான் வாயில வச்சுச்சு" என்றார் பார்வதி அக்கா. ஃபுன்மியை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். கூடச் சமைத்தவர்களே வாயில் வைக்காத சாப்பாட்டை யார் சாப்பிடப் போகிறார்கள் என்ற கேள்வி அப்போதுதான் எனக்கு முழு உருவத்தில் எழுந்தது. செயற்குழுவில் என்னைத் தவிர எல்லோரும் விரதம். ஒவ்வொருவரும் மற்றவர்கள் சாப்பிடுவார்கள் என்று நம்பி வந்திருந்தார்கள். நானோ, கலா முதல் வரிசையில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்ததால் வீரனாக முடியவில்லை.

பதினொரு மணிக்கு வரவேண்டிய சிறப்பு விருந்தினர் உச்சிவெயிலில் வந்தார். குத்துவிளக்கு, வாழ்த்து, தலைமையுரை, சிறப்புரை. பேசியவர்கள் அனைவரும் ஃபுன்மியின் பெயரை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அவரை மேடைக்கு அழைத்து, சோறு ஆறிக்கொண்டிருக்கும் திசையைப் பார்த்தபடி நிற்க வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அறிவிப்பாளர் ஆங்கிலத்துக்கு மாறி, சகோதரி இரண்டு வார்த்தை பேசட்டும் என்றார். ஃபுன்மி ஒலிவாங்கியை வாங்கினார். "எல்லாருக்கும் வணக்கம். நான் சிலிம் ரிவர் மருமக. சோறு சூடா இருக்கும்போதே சாப்பிட வாங்க." கைதட்டல் கூரையைப் பிளந்தது. தமிழ் பேசுகிறார், தமிழ் பேசுகிறார் என்று சிலர் கண்கலங்கக்கூடச் செய்தார்கள். சொன்னது என்ன என்பது ஒருவர் காதிலும் ஏறவில்லை. வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். சிறப்பு விருந்தினர் ஒரு தட்டைக் கையில் ஏந்திப் புன்னகைத்து, படம் முடிந்ததும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

தலைவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி பாத்திரங்கள் பக்கம் வந்தார். "சிஸ்டர், சைவமா ஏதாச்சும் இருக்கா?"

"தண்ணி இருக்கு சார்" என்றார் ஃபுன்மி.

தேவகி அம்மாள் வந்தார், வெள்ளைப் புடவையும் நெற்றியில் நாமமுமாக. என் நம்பிக்கை அங்கேயே படுத்துவிட்டது. "பாக்க ரொம்ப அழகா இருக்கு. ஆனா ருசி பாக்காம நான் எப்படி எழுதித் தர்றது? புரட்டாசி முடியட்டுமே" என்றார். புரட்டாசி முடிவதற்குள் கடையை யாருக்காவது கொடுத்தாக வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். நல்ல பெண்மணி. ஃபுன்மியின் கையைப் பிடித்து, "உங்கள மாரி ஆளுங்கள நாங்க கண்டிப்பா ஆதரிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஃபுன்மி பொன்னாடையை மடித்துப் பாத்திரத்தின் மேல் சோறு ஆறாமலிருக்கப் போர்த்தினார். அந்த நாளில் அந்தத் துணி செய்த ஒரே உபகாரம் அது.

மண்டபம் காலியாகிக்கொண்டிருந்தபோது ஆ செங் உள்ளே வந்தார். அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு, பின்னால் அவரைப் போலவே இரண்டு நண்பர்கள். காலையில் காப்பி குடிக்கும்போது மண்டபத்தில் மீன் சோறு என்று சொல்லியிருந்தேன். அவர் யாரையும் வாழ்த்தவில்லை. வாசலில் வைத்திருந்த விழாப் பலகையைப் படிக்கவில்லை. தட்டை நீட்டினார், வாங்கினார், உட்கார்ந்தார். வியர்த்து ஊற்ற, "வாஹ், பெடாஸ்!" என்று முனகியபடி மீண்டும் தட்டை நீட்டினார். காரம் என்று அவர் சொன்னது பாராட்டா புகாரா என்று தலைவர் என்னிடம் ரகசியமாகக் கேட்டார். மூன்றாம் தட்டோடு ஃபுன்மியின் எதிரே வந்து நின்றார் ஆ செங். அவர் கடையில் அடுப்பு போட்டு வான்தான் மீ நூடுல்ஸ் விற்றவர், மகன் வீட்டோடு போய்விட்டார், கடையின் முன்பக்க இடம் காலி.

"பிலா போலே முலா?" எப்போது தொடங்க முடியும் என்று கேட்டார். ஃபுன்மி என்னைப் பார்த்தார், பார்வதி அக்காவைப் பார்த்தார். பிறகு, "பேசோக்" என்றார். நாளைக்கே.

சங்கத்தின் அடுத்த அறிக்கையில், எங்கள் இடைவிடாத முயற்சியால் ஒரு கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு வணிகத்தளம் அமைந்தது என்று எழுதும்படி எனக்கு உத்தரவு வந்திருக்கிறது. ஆ செங்கின் பெயர் வேண்டாமாம், அவர் உறுப்பினர் இல்லையாம். இன்னும் எழுதவில்லை. விரல் வலி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை மதியம் கடைக்குப் போனேன். கலா பெருமாள் கோயிலில் இருந்தாள். ஃபுன்மியின் அடுப்பு முன் நல்ல கூட்டம், பார்வதி அக்கா தட்டுகளை நிரப்பிக்கொண்டிருந்தார். கூட்டம் தணிந்ததும் ஃபுன்மி என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். மாமியாருக்காகப் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அவர் மீனை வாயில் வைப்பதில்லை. பக்கத்து அடுப்பில் சைவ மீ ஹூன் சேமியா சொல்லியிருந்தார். நான் குரலைத் தாழ்த்தி மீன் சோறு சொல்லியிருந்தேன். கடையில் புதிதாகச் சேர்ந்த மியான்மார்ப் பெண் இரண்டு தட்டுகளையும் கொண்டுவந்தாள். எங்கள் இருவரையும் ஒரு கணம் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு சந்தேகமே இல்லாமல் சைவத்தை என் முன்னாலும் மீனை ஃபுன்மியின் முன்னாலும் வைத்துவிட்டுப் போனாள். அவளும் வந்தவள்தானே, அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டாள். ஃபுன்மி வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்து, "அண்ணி வரல, சீக்கிரம்" என்றார். மேசையின் நடுவில் இரண்டு தட்டுகளும் உரசிக்கொண்டு இடம் மாறின.