இடது காதில் எல், வலது காதில் ஆர்

ஹெட்போன் விற்கிற வேலையில் முதல் பாடம் ஒன்றுதான்: எல் என்று எழுதியிருக்கும் பக்கம் இடது காதுக்கு, ஆர் என்று எழுதியிருக்கும் பக்கம் வலது காதுக்கு. மற்றதெல்லாம் போகப் போகத் தெரிந்துகொள்ளலாம். பிரேசர் டவுன் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மேனேஜர் பிரசன்னா சார் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தார். நன்றாகத் தலையாட்டினேன். எனக்கு இடது காது கேட்காது என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

சின்ன வயதில் காதில் சீழ் வடிந்து, ஆளாளுக்கு ஒரு எண்ணெய் ஊற்றி, கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒன்றும் மிச்சமில்லை. பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸில் காலர் தைத்துக்கொண்டிருந்த வரைக்கும் அந்தக் காது ஒரு குறையாகவே தெரியவில்லை. அங்கே மிஷின் சத்தத்தில் இரண்டு காதும் உள்ளவர்களுக்கே ஒன்றும் கேட்காது. பிறகு ஏசி போட்ட கடை, உட்கார நாற்காலி, பெயர் எழுதிய பேட்ஜ் என்று ஒரு வேலை வந்தால் விட மனசு வருமா? எனக்கு வரவில்லை. ஆறு வருஷம் மறைத்தேன். வண்டி ஓட்டத் தெரியாமல் ஷோரூமில் ஸ்கூட்டர் விற்பவர்கள், சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு ஸ்வீட் கடையில் சாம்பிள் நீட்டுபவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தெரிந்துவிடுமோ என்று தினம் பயந்துகொண்டே கடை திறப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கண்ணாடிக்காரர்

சத்தத்தைப் பற்றி யாராவது கேட்டால் மாட்டிக்கொள்வேன். அதனால் வாடிக்கையாளர் சத்தத்தைப் பற்றிக் கேட்பதற்குள் அவருடைய தலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். கண்ணாடி போடுகிறவரா, காதில் ஜிமிக்கியா, கொண்டையா, ஹிஜாபா, வேர்க்கிற உடம்பா என்று பார்ப்பேன். கண்ணாடியின் காம்பு ஹெட்போனின் காது மெத்தைக்கு அடியில் மாட்டினால் சின்ன இடைவெளி விழுந்து சத்தம் கசியும், அரை மணியில் நெற்றிப்பொட்டு வலிக்கும். தோல் மெத்தை வேர்க்கும், துணி மெத்தை வேர்க்காது. ஐந்து நிமிஷம் போட்டுப் பார்த்து யாரும் ஹெட்போன் வாங்கக் கூடாது. புதுச் செருப்பு வாங்கினால் கடைக்குள்ளேயே நாலு நடை நடக்கிறோமே, அந்த மாதிரி இருபது நிமிஷமாவது தலையில் இருக்க வேண்டும்.

ஒரு நாள் ஒரு ஐ.டி.க்காரர் வந்தார். மூன்று ஹெட்போன் வாங்கி மூன்றும் வீட்டில் தூங்குகிறதாம், போட்டால் தலைவலியாம். அவர் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிப் பார்த்தால் இரண்டு காதுக்கு மேலேயும் சிவப்பாகத் தழும்பு. பிடிமானம் குறைந்த ஒரு மாடலை எடுத்து, மேல்பட்டையை ஒரு படி இறக்கி, கண்ணாடிக் காம்பைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்து, ஒரு டீ வரவழைத்துக் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும் வரை ஊர்க்கதை பேசினேன். ஹெட்போன் தலையில் இருப்பதையே மறந்துவிட்டு எழுந்தார். போகும்போது அவர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். நான் பாட்டின் பக்கம் போகாமல் தப்பிக்கத்தான் இவ்வளவும் செய்தேன் என்பது எனக்குத் தெரியும் என்பதால் கூச்சம்தான் வந்தது.

"எல்லா கடையிலும் சவுண்டைப் பத்திதான் லெக்சர் அடிப்பாங்க மேடம். என் தலையைப் பார்த்த முதல் ஆள் நீங்கதான்."

எது பெட்டர்?

எங்களுக்கெல்லாம் எமன், இரண்டு மாடலை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு "உங்களுக்கு எது பெட்டரா கேக்குது?" என்று கேட்கிற ஆள். அந்த மாதிரி ஒருத்தர் சனிக்கிழமை கூட்டத்தில் வந்து சேர்ந்தார். வயலின் எந்தப் பக்கம் இருக்கிறது, தபேலா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றெல்லாம் கையை நீட்டி நீட்டிக் காட்டினார். எனக்கு வயலினும் தபேலாவும் பாடகியும் எல்லோரும் ஒரே ஆட்டோவில் அடைந்து வருவது போலத்தான் எப்போதும் கேட்கும்.

முதலாவதைப் போட்டபோது அவர் புருவம் லேசாக ஏறியதைப் பார்த்து வைத்திருந்தேன். நானும் இரண்டையும் மாட்டிக் கண்ணை மூடி, தலையை மெதுவாக ஆட்டி, "முதல்ல போட்டதுதான் சார், கொஞ்சம் திறப்பா இருக்கு" என்றேன். "எக்ஸாக்ட்லி!" என்று துள்ளிவிட்டார். வாங்கிக்கொண்டும் போனார். பக்கத்துக் கவுண்டரில் நிற்கிற இம்ரான் சிவாஜிநகர்க்காரன், கண்ணு ரொம்பக் கூர்மை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஸ்டிக்கர் ஒட்டியபடி சாதாரணமாகச் சொன்னான். நான் பில் புத்தகத்தைத் தேடுகிறவள் மாதிரி குனிந்துகொண்டேன்.

"அரே அக்கா, நீங்க பாட்டைக் கேக்கல, கஸ்டமர் மூஞ்சைத்தான் கேக்குறீங்க."

பதினோரு நாள்

இதை எழுதுவதற்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. விற்பனை நன்றாக இருந்ததால் உள்ளே கண்ணாடி அறையை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். விலை கூடிய ஹெட்போன்களை நிதானமாக உட்கார்ந்து கேட்கிற அறை. அங்கே இருந்ததிலேயே ராஜா மாதிரியான ஒரு மாடலில் இடது பக்கம் செத்துப் போயிருந்தது. எனக்கு எப்படித் தெரியும்? என் இடது காதும்தான் செத்துப் போயிருக்கிறதே. பதினோரு நாள் அதை வருகிறவர்கள் தலையில் எல்லாம் மாட்டி, "கேளுங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு" என்று பரவசப்பட்டிருக்கிறேன். அவர்களும் கண்ணை மூடி "ஆமாம் ஆமாம்" என்றார்கள்.

பதினோராம் நாள் ஒரு சின்னப் பெண் அதை மாட்டிய உடனே கழற்றி, "ஒரு பக்கம் வரவே இல்ல ஆன்ட்டி" என்றாள். பிரசன்னா சார் ஓடி வந்தார். மாட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்ரீ சுமதி, தினா செக் பண்றது இல்வா?" என்று எல்லோர் முன்னாலும் கன்னடமும் தமிழுமாகக் கேட்டார். ஒயர் மேல் பழியைப் போட்டேன். இனிமேல் காலையில் ஒவ்வொன்றையும் எல் இடது, ஆர் வலது என்று சரியாக மாட்டிக் கேட்டுவிட்டுத்தான் கடை திறக்க வேண்டும், வாடிக்கையாளர் முன்னால் ஹெட்போனைத் திருப்பி மாட்டுகிறவர்களுக்கு இந்தக் கடையில் வேலை இல்லை என்று பாடம் நடத்தினார். மறுநாளிலிருந்து நான் ஸ்டாக் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு ஹெட்போனையும் இரண்டு தடவை கேட்டேன். ஒரு தடவை சரியாக. இன்னொரு தடவை திருப்பி மாட்டி, இடது பக்கத்தை என் வலது காதில் வைத்து.

அந்தச் சின்னப் பெண் வந்த அன்றைக்கு அறையில் இன்னொரு அம்மாவும் இருந்தார். போன வாரம் அதே ஹெட்போனைப் போட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பாராட்டிச் சென்றவர், வாங்குவதற்காக வந்திருந்தார். அவர் முகம் என் முகத்தைவிடச் சின்னதாகிவிட்டது.

"நான் என்ன நெனச்சேன்னா, காஸ்ட்லி ஹெட்போன்னா ஒரு பக்கம்தான் கேக்கும் போலன்னு."

அருள்தாஸ் அங்கிள்

நவம்பர் கடைசியில் அருள்தாஸ் என்று ஒரு பெரியவர் வந்தார். கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். பக்கத்துச் சர்ச்சின் பாடகர் குழுவில், கொயரில், பாடுகிறார். கிறிஸ்மஸுக்கு நாலு குரலில் புதுப் பாட்டு. கொயர் மாஸ்டர் ஒவ்வொருவருக்கும் வாட்ஸாப்பில் ஒரு பதிவு அனுப்பியிருக்கிறார். அவரவர் பாட வேண்டிய வரி இடது பக்கத்தில் மட்டும் வரும், மற்ற மூன்று குரலும் வலது பக்கத்தில் வரும். இவருக்கு அடிக்குரல். போன் ஸ்பீக்கரில் அது எழும்பவே இல்லை. நல்ல ஹெட்போனாக வாங்குங்கள் என்று மாஸ்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

எல் இடது, ஆர் வலது என்று பார்த்து நானே மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் கேட்டார். "எல்லாரும் பாடறாங்கம்மா. நான் மட்டும் பாடல" என்றார். பிறகு பிரசன்னா சார் நிற்கிற பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "லெஃப்ட் காது மைன்ஸ்ல வெடி வெச்சப்போ போயிடுச்சும்மா. கொயர்ல தெரியாது. சொன்னா பாட விடாம நிறுத்திருவாங்க" என்றார்.

என்ன செய்ய வேண்டும் என்று உலகத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். திருப்பி மாட்ட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வினாடி வேலை. தினம் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு நான் செய்வதுதான். ஆனால் பிரசன்னா சார் நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் திருப்பி மாட்டினால் ஏன் என்பார், ஏன் என்றால் ஒரு காதைப் பற்றிப் பேச வேண்டும், அந்தப் பேச்சை எடுத்தால் என் முகமே என்னைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்தேன். ஹெட்போன் கடைகளில் பதில் தெரியாத எல்லாக் கேள்விக்கும் நாங்கள் சொல்கிற ஒரு பதில் உண்டு. பதில் தெரிந்திருந்தும் அதைச் சொன்னேன். "பழகப் பழக சரியாயிடும் அங்கிள். புதுசு இல்லையா." மெத்தை அழுத்துகிறதா, பட்டை உறுத்துகிறதா என்று மட்டும் அக்கறையாகப் பார்த்து, பேக் செய்து கொடுத்தேன். அவர் பையை வாங்கிக்கொண்டு சொன்னது இன்றைக்கும் அப்படியே மனதில் இருக்கிறது.

"நீங்க சொன்னா சரிதாம்மா. தினம் கேக்கறவங்க, உங்களுக்குத் தெரியாதா?"

ஜனவரி

அதன் பிறகு தினமும் ஸ்டாக் ரூமில் ஹெட்போனைத் திருப்பி மாட்டும்போது அவர் நினைவு வரும். பில்லில் அவர் போன் நம்பர் இருந்தது. நாளைக்குக் கூப்பிடலாம் என்றே டிசம்பர் முழுவதும் ஓட்டினேன்.

பொங்கலுக்கு முன்னால் அவரே வந்தார், டப்பாவோடு. திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டார். நாள் தாண்டிவிட்டது என்றார் பிரசன்னா சார். "பரவாயில்ல சார், உங்க பொருள்ல குத்தம் இல்ல, என் காதுலதான்" என்றார் பெரியவர். இத்தனை நாள் பழகிப் பார்த்தாராம். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, தன் வரி வரும் வரும் என்று காத்திருந்தாராம். ஒத்திகையில் மூன்று தடவை தப்பாகப் பாடியதும், இந்த வருஷம் வேண்டாம் என்று மாஸ்டர் சொல்லிவிட்டாராம். கிறிஸ்மஸ் அன்று கொயர் மேலே நின்று பாட, இவர் கீழே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாராம்.

அவர் தன் காதைக் குறை சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. டப்பாவைப் பிரித்து, ஹெட்போனை எடுத்து, கடை நடுவில் எல்லோரும் பார்க்க, எல் பக்கத்தை வலது காதிலும் ஆர் பக்கத்தை இடது காதிலும் வைத்து என் தலையில் மாட்டினேன். "எனக்கும் இடது காது கேக்காது அங்கிள். நான் இப்படித்தான் கேப்பேன்" என்றேன். சொல்லும்போது பிரசன்னா சார் பக்கம் திரும்பவே இல்லை. கழற்றி அவர் தலையில் அதே மாதிரி மாட்டி, பட்டையைச் சரி செய்து, போனில் அந்தப் பாட்டைப் போடச் சொன்னேன். இம்ரான் ஸ்டிக்கர் ஒட்டுவதை நிறுத்திவிட்டான்.

முதலில் அவர் உதடு அசைந்தது. பிறகு குரலே வந்துவிட்டது. நல்ல கனமான அடிக்குரல், கவுண்டர் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. பாட்டு முடிகிற வரைக்கும் பாடினார். நான் அழுதுகொண்டிருந்தேன், அவர் சந்தோஷப்படுவார் என்றும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நான் மொத தரம் வந்தன்னைக்கே உனக்கு இது தெரியுமாம்மா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். கோபமே இல்லை அவர் முகத்தில். கணக்குப் போட்டு விடை சரியா என்று பார்ப்பவர் மாதிரி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"அப்போ கிறிஸ்மஸுக்கு என்னைக் கீழ உக்கார வெச்சது என் காது இல்ல, நீதான்."

வேலை போய்விடும் என்று பயந்து ஒரு மனிதருடைய கிறிஸ்மஸைப் பாழாக்கினேன், வேலையோ போகவே இல்லை, வாடிக்கையாளர் முன்னால் ஹெட்போனைத் திருப்பி மாட்டியதற்கு மட்டும் பிரசன்னா சார் அன்று சாயங்காலம் என்னை அரை மணி நேரம் திட்டினார்.