உள்ளே விதை குலுங்கிய பழம்

போன வாரம் தேரடிப் பக்கம் ஒரு பழக்கடையில் நின்றேன். காலா, பியூஜி என்று கடைக்காரர் ஆப்பிள் பெயர்களை அடுக்கினார். "பிப்பின் இருக்கா?" என்றேன். "அது மாத்திரைல்லா, மெடிக்கல்ல கேளுங்கக்கா" என்றார்.

பெயர் சரிதானா என்று எனக்கும் சந்தேகம்தான். அந்தப் பழத்தைப் பார்த்தது, நான் தபால் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த வருடம். பட்டாளத்தில் இருந்த அண்ணன் தன் நிச்சயதார்த்தத்துக்காக இமாச்சலத்திலிருந்து லீவில் வந்தான். டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் வீடெல்லாம் ஒரு வாசனை. ஆரஞ்சா, பன்னீரா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. உள்ளே செய்தித்தாளில் சுற்றிய ஆப்பிள்கள். ஆப்பிள் என்றால் சிவப்பு என்றிருந்த எங்களுக்குச் சப்பென்றாகிவிட்டது. மங்கல் மஞ்சள், அதில் செம்மண் நிறக் கீறல், காம்பைச் சுற்றிச் சொரசொரப்பு.

"காயாட்டுல்லா இருக்கு" என்றாள் அம்மா.

"பிப்பின்னு பேரு. வெள்ளக்காரன் காலத்து மரம்மா. இதான் ஒசத்தி" என்றான் அண்ணன்.

அம்மா நம்பாமல் அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள். இரண்டு நாளாகியும் சிவக்கவில்லை. வாசனைதான் கூடியது.

புளியங்குடியில் பெண் வீட்டில் தாம்பாளத்தை வைத்ததும், பெண்ணின் தாய்மாமன் ஒரு பழத்தை எடுத்துக் காதருகே ஆட்டினார். உள்ளே கடகடவென்றது.

"பூச்சி அரிச்சதையா சபையில வைக்கது?"

"பூச்சி இல்ல மாமா, விதை. நல்லாப் பழுத்தா இப்படித்தான் குலுங்கும்" என்றான் அண்ணன்.

அவர் தாம்பாளத்தைத் தள்ளி வைத்தார். எங்கள் அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். எழுந்துவிடுவார் என்றே நினைத்தேன். அதற்குள் கல்யாணப் பெண் வந்து ஒன்றை எடுத்து, நின்றபடியே முழுவதையும் தின்றாள். விதைகளை மாமன் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவள்தான் என் மதினி. இப்போது கேட்டால், "நான் எங்க தின்னேன்? அறுத்துல்லா காட்டுனேன்" என்கிறாள். தேன்போல் இனித்தது என்கிறேன் நான். புளித்தது என்கிறாள் அவள். பிப்பின் என்பது பழத்தின் பெயரா, பழம் கொடுத்த தோட்டக்காரர் வளர்த்த நாயின் பெயரா என்று அண்ணனே குழம்புகிறான்.

அண்ணன் ரிட்டயர் ஆனபின் அவனும் மதினியும் அந்த மலைக்குப் போனார்கள். பழைய மரங்களை வெட்டிவிட்டுச் சிவப்பு ரகம் வைத்திருந்தார்களாம்.

"இங்கன உக்காந்துதான் ஒனக்கு லெட்டர் எழுதுவேன்னு இவகிட்ட ஒரு மேட்டக் காட்டுனேன். பொறவு பாத்தா, அது அந்த மேடே இல்லியோன்னு தோணிச்சுட்டி" என்றான் அண்ணன்.

அங்கே எடுத்த போட்டோ அவர்கள் கூடத்தில் இருக்கிறது. அதில் ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.